இரண்டு நோட்டு, ஒரே பி.பி.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஏழு மணிக்குப் போன கரண்ட் எட்டே காலுக்கு வந்தது. மோட்டார் போட்டு, டேங்க் நிரப்பி, பி.பி. பார்த்து எழுதுவதற்குள் ஒன்பது.

கா. 156/96. மா. 162/98.

ஆஸ்பத்திரி நோட்டில் எழுதியது: கா. 128/78. மா. 130/80.

இரண்டும் ஸ்டேஷன் ரோடு கடையில் ஒன்றாக வாங்கிய நாற்பது பக்க நோட்டு. அது டி.வி.க்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க. இது மைக்ரோமீட்டர் பெட்டிக்குள், துணிக்கு அடியில். அந்தப் பெட்டியை சரோஜா தொடமாட்டாள். கல்யாணமான புதிதில் தூசி தட்டுகிறேன் என்று எடுத்துக் கீழே போட்டு, என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதோடு சரி.

யாரும் பார்க்காததை ஏன் எழுத வேண்டும்? தெரியவில்லை. எங்காவது ஓர் இடத்தில் சரியான அளவு இருக்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்ட்டுகளை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்தவன். ரிட்டயர் ஆனாலும் அது போகாது.

ஆஸ்பத்திரியில் அடுத்த டிரிப் ஏற்றுவது 14, வியாழன். இன்னும் பத்து நாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கா. 158/96. மா. 160/100. (அதில்: 126/78, 128/80.)

தெருமுனையில் கார்ப்பரேஷன் ஆட்கள் பள்ளம் தோண்டுகிறார்கள். மூலை வீட்டுக்காரன் திருட்டுத்தனமாக மெயின் லைனிலிருந்து தண்ணீர் இழுத்திருக்கிறானாம். அவன் மனைவி கேட்டில் நின்றுகொண்டு, "எங்க ஊட்ல மட்டுமா இழுத்துக்கீறோம்? தெருவே இழுத்துக்கீது, போய் அங்க தோண்டு!" என்று ஒரே சத்தம். அரைமணி நேரம் நின்று பார்த்தேன். சரோஜா வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

டிரிப் ஆரம்பித்த முதல் நாள் டாக்டரம்மா சொன்னதும் இதே கதைதான். "குடல்ல இருந்த கட்டிய எடுத்தாச்சு. ஈரல்ல ரெண்டு புள்ளி இருக்கு. அது பெருசா வளரணும்னா அதுக்குன்னு தனியா ரத்தம் வேணும். பக்கத்துல இருக்குற ரத்தக் குழாய்க்கு, எனக்கொரு லைன் குடுன்னு சிக்னல் அனுப்பும். இந்த மருந்து அந்த சிக்னலப் பிடிச்சிக்கும். புதுசாக் குழாய் வராது. கட்டி செத்துடாது, ஆனா வளர்ச்சி மெதுவாகும்."

சரோஜா உடனே, "அப்ப அதப் பட்டினி போடுறீங்கன்னு சொல்லுங்க" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து இவளுக்கு ஒரு குழப்பம். தட்டில் சோறு போடும்போது கை நிற்கிறது. நான் சாப்பிடுகிறேனா அது சாப்பிடுகிறதா என்று. "எனக்குத்தாண்டி, போடு" என்பேன். இன்னொரு கரண்டி விழும்.

ஆகஸ்ட் 6, புதன்

கா. 160/98. மா. பார்க்கவில்லை. அதில் மட்டும் 128/78.

உட்கார முடியவில்லை. படுக்கவும் முடியவில்லை. மொட்டை மாடியில் பதினாறு சுற்று. ஏரிப் பக்கம் போகலாம் என்று செருப்பு போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, போகவில்லை. பின்மண்டையில் வலி, யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குகிற மாதிரி.

போன ஸ்கேனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு புள்ளியும் அதே அளவு. முந்தைய ஸ்கேனிலும் அதே அளவு. சுருங்கவில்லை, வளரவும் இல்லை. டாக்டரம்மாவுக்கு சந்தோஷம். எனக்கும்தான். இரண்டு தடவை அளந்து ஒரே அளவு வந்தால் மெஷின் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். ஓடுகிற மெஷினை நிறுத்தக் கூடாது.

ஐந்தாவது டிரிப்புக்கு நிறுத்தினார்கள். பி.பி. 170/104. மாத்திரை ஒன்று கொடுத்து, ஒரு வாரம் கழித்து வா என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிக்னலைப் பிடிக்க ஆள் இல்லை, இந்நேரம் லைன் இழுத்துக்கொண்டிருக்கும் என்று ஒவ்வொரு மணிக்கும் நினைப்பு. வயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டால் தெரியவா போகிறது!

ஆறாவதிலிருந்து இந்த இரண்டு நோட்டு. ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் ஏறித்தான் இருந்தது. ஆனால் சிஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "வீட்ல நல்லாத்தானே இருக்கு? இங்க வந்தாதான் பயந்துடுறீங்க" என்று சொல்லி ஏற்றிவிட்டார்.

இந்த மருந்துக்கு பி.பி. ஏறும், ஏறினால் சொல்ல வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். ஏறினா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமா என்று கேட்டேன். "சில பேருக்கு அப்படியும் இருக்கலாம், ஆனா..." என்றார் டாக்டரம்மா. ஆனா-வுக்குப் பிறகு சொன்னது நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கா. 162/98. மா. 164/100.

கவிதா போன். ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டில் லிஃப்ட் ரிப்பேராம், ஐந்து மாடி ஏறி இறங்குகிறாளாம். "அப்பா, இந்த வார ரீடிங் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். டி.வி. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர் பா! என் பி.பி.யே இவ்ளோ நல்லா இருக்காது" என்று பதில், மூன்று கைதட்டல்.

வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை, வெந்தயம், மோட்டாருக்கு வாஷர், டேங்க் மூடி.

சாம்பாரில் உப்பே இல்லை. "உப்பு எங்கே?" என்றேன். "கடையில" என்றாள் சரோஜா. வாய் ஜாஸ்தி.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று எழுதவில்லை. நேற்று கா. 164/100. இன்று கா. 166/102, மா. 166/100.

அதில் இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். 128/78. 130/80. 128/80. 126/78. முதலில் எழுதியபோது கை கூசியது. இப்போது அப்படி இல்லை.

கம்பெனியில் இதற்குப் பெயர் டேபிள் ரீடிங். அளக்காமல், மேஜையில் உட்கார்ந்தபடியே எழுதிவிடுகிற அளவு. இதற்காக எத்தனை பேரைக் கிழித்திருக்கிறேன்! ஏழுமலை என்று ஒருத்தன், கொரட்டூர்க்காரன், என் கீழே வேலை பார்த்தான். ஐம்பது புஷ் வளையத்துக்கு உள்விட்டம் அளந்து எழுது என்றால், பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து நீட்டினான். எல்லாம் அழகாக வரிசையாக. இரண்டு அளவுதான் மாறி மாறி வந்தது. ஃபோர்மேன் எதிரிலேயே கேட்டேன்: "அளந்தா கோணலும் மாணலுமா வரும்டா. இவ்ளோ ஒழுங்கா மெஷின் கூடப் போடாது." ஒரு வாரம் சஸ்பென்ஷன். திரும்பி வந்ததும் பேக்கிங்கில் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு ஆட்டோ வாங்கிவிட்டான்.

ஏன் அவன் நினைப்பு வருகிறது என்றால், வியாழக்கிழமை அவன் ஆட்டோவில்தான் போகப் போகிறோமாம். ஆவடி மார்க்கெட்டில் சரோஜா அவனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். போன தடவை ரயிலில் திரும்பும்போது நிற்க முடியாமல் வாசல் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அதனால். "ஊரில் வேறு ஆட்டோவே இல்லையா?" என்று கேட்டேன். "அவரு உங்கள விசாரிச்சாரு, முகம் வாடிப் போச்சு, பாவம்" என்கிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடிக் கூழ். அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியற்காலை ஐந்துக்கே ஆரம்பித்தது. மண்டைக்குள்ளேயே கட்டிவைத்த மாதிரி. போய் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று வந்தது.

பதினொரு மணிக்குத் தெருவில் கூழ் ஊற்றினார்கள். சரோஜா கோயிலில் கூட்டத்தில். நான் சொம்போடு போய் வரிசையில் நின்றேன். மூலை வீட்டு அம்மாதான் கரண்டி பிடித்தாள். தண்ணீர்ச் சண்டையெல்லாம் மறந்தாச்சு. "இன்னா சார், இளைச்சிட்டீங்க? நல்லா குடிங்க" என்று இரண்டு கரண்டி. கூடவே கருவாட்டுக் குழம்பு. மாமரத்து நிழலில் நின்று, இரண்டு துண்டு கருவாடு, முள் வரைக்கும். உப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கூழ் குடித்துவிட்டு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனேன். சரோஜாவிடம் கூழ் மட்டும்தான் குடித்தேன் என்று சொன்னேன்.

மா. 172/104.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேகமூட்டம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. கா. 168/102.

நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ. ஏழுமலை. வழி பார்த்து வைத்துக்கொள்ள வந்தானாம். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆறு ஆரஞ்சு ஒரு பையில்.

"இன்னா சார், எப்டி கீறீங்க?"

"இருக்கேன்டா. உட்கார்."

சரோஜா காபி கொடுத்தாள். கொடுத்தவள் சும்மா இருக்காமல் டி.வி. நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "பாருங்கண்ணே, ஒரு நாள் விடாம எழுதுறாரு. ஆஸ்பத்திரில சிஸ்டரே பாராட்டுறாங்க." பெருமை அவளுக்கு.

அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலால் வரி வரியாக மேலிருந்து கீழே வந்தான். அந்த மாதிரி ரிப்போர்ட் படிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். பக்கத்தைத் திருப்பினான். மறுபடி முன்பக்கம் போனான். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

சரோஜா முறுக்கு எடுக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"சார், இது டேபிள் ரீடிங்."

"என்னடா உளர்றே?"

"இருவத்தாறு, இருவத்தெட்டு, முப்பது. மூணே அளவுதான் சார் சுத்தி சுத்தி வந்துகினு கீது. அளந்தா கோணலும் மாணலுமாத்தான் வரும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

சுருக்கென்றது. "உன் வேலையப் பாருடா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. அவன் கோபப்படவில்லை. நோட்டை மூடி டி.வி. பக்கத்தில் நேராக வைத்தான்.

"அன்னிக்கு ஏன் அளக்கலன்னு நீங்க கேக்கவே இல்ல சார். மொத நாலு புஷ் அளந்தேன். அளவு மீறிப் பெருசாப் போயிருந்துச்சு. மேல அளந்தா மெஷின நிறுத்தணும். நிறுத்துனா ஃபோர்மேன் என்னத்தான் ஏறுவாரு. பயந்துகினு மீதிய குந்தி எழுதிட்டேன். அவ்ளோதான்."

முறுக்கு வந்தது. அவன் இரண்டு தின்றான். வியாழன் காலை ஆறரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினோரு வருஷம். ஏன் என்று நான் கேட்கவே இல்லை என்பது உண்மைதான்.

மா. 176/106. ஆரஞ்சு புளிப்பு.

ஆகஸ்ட் 13, புதன்

கா. 178/108. பல் தேய்க்கும்போது மூக்கிலிருந்து ரத்தம். வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதற்குள் சரோஜா வந்துவிட்டாள்.

"ஐயோ! என்னங்க இது?"

"சூடு. வெயில்ல மாடிக்குப் போனேன்ல."

மூக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், ஈரத்துணி போட்டாள். பத்து நிமிஷத்தில் நின்றது. "பி.பி. பாத்துடலாம், மிஷின எடுத்தாரேன்" என்று கிளம்பினாள். "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றேன். அவள் பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடப் போகிறாள் என்று பார்த்தால், "நோட்டுல தான் நல்லா இருக்கே, அப்ப சூடுதான் போல" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மோர் கரைக்கப் போனாள். நான் எழுதியதை நம்பி.

அவள் சமையலறையில் இருக்கும்போது மிஷினிலிருந்து பேட்டரி நாலையும் கழற்றி ஜட்டி அடுக்குக்குள் ஒளித்தேன். அறுபது வயசில் இது ஒரு பிழைப்பு.

செய்தித்தாளில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. கண்ணை மூடித் திறந்தால் சரியாகிறது. மறுபடி வருகிறது.

நாளை ஏற்றிவிட்டால் போதும். மூன்று வாரம் கவலை இல்லை. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு மட்டும்.

மா. பேட்டரி மாட்டி, பார்த்து, கழற்றியாச்சு. 180/110.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாலை மணி நாலரை. வீடு. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஏழுமலை சொன்ன நேரத்துக்கு வந்தான். பாடி மேம்பாலத்தில் நெரிசல். பையில் டி.வி. நோட்டை சரோஜா வைத்தாள். இந்த நோட்டை ஸ்கேன் கவருக்குள் நான் வைத்தேன். காத்திருக்கும் நேரத்தில் எழுதலாம் என்றுதான் வைத்தேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் 184/112. சிஸ்டர் முகம் மாறியது. "வீட்ல எவ்ளோ வருது?" சரோஜா நோட்டை நீட்டினாள். சிஸ்டர் புரட்டிவிட்டு, "வீட்ல நார்மலாத்தான் இருக்கு. டிராஃபிக்ல வந்த டென்ஷனா இருக்கும். அரை மணி உக்காருங்க, மறுபடி பாத்துட்டு டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார்.

வென்றாச்சு என்று நினைத்தேன். அரை மணி மூச்சை நிதானமாக விட்டால் கொஞ்சம் இறங்கும். இறங்கினால் போதும், மீதியை நோட்டு பார்த்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரிப் ஸ்டாண்டு வரிசையாகத் தெரிந்தது.

சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "டென்ஷன் ஆவாதீங்க, அதான் வீட்ல நல்லா இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழுமலை ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து எதிர் வரிசையில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த போர்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். போர்டு இரண்டாகத் தெரிந்தது. சரோஜா பக்கம் திரும்பினேன். அவளும் இரண்டாகத் தெரிந்தாள்.

பயந்துவிட்டேன். கட்டிக்காக இல்லை. இவள் இப்படி நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே நான் சாய்ந்துவிட்டால், நோட்டு நல்லாத்தானே இருந்துச்சு என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

எழுந்து போனேன். "சிஸ்டர், அது டேபிள் ரீடிங்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கவரிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தேன். "அளந்தது இதுல இருக்கு."

டாக்டரம்மாவே வந்தார். எண்களை மட்டும் பார்த்தார் என்று நினைக்கிறேன், கருவாடு வரைக்கும் போகவில்லை. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நாலாம் தேதியே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா, இன்னொரு மாத்திரை சேர்த்திருப்பேன். பத்து நாள்ல இறங்கியிருக்கும். இன்னிக்கு ஏத்தியிருப்பேனே சார்."

அவ்வளவுதான் சொன்னார். நிறுத்திவிடுவார்களே என்று பயந்து பயந்து, நிறுத்த வைத்ததே நான்தான்.

உடனே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம், சிறுநீர், தலைக்கு ஒரு ஸ்கேன் எல்லாம் எடுத்து, மூன்று மணி வரை படுக்கவைத்தார்கள். மூளையில் ஒன்றும் இல்லையாம். பி.பி. 160/98-க்கு இறங்கியதும் புது மாத்திரை எழுதி அனுப்பினார்கள். டிரிப் 21-ஆம் தேதி, அதுவும் பி.பி. அடங்கினால். ஒரு வாரம் தள்ளினால் அது வளர்ந்துவிடுமா என்று கேட்டேன். "ஒரு வாரத்துல குடி மூழ்கிடாது. ஸ்ட்ரோக் வந்தா மூழ்கிடும்" என்றார்.

திரும்பும்போது சரோஜா பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். திருமுல்லைவாயில் தாண்டினோம். ஆட்டோக் கண்ணாடியில் ஏழுமலை என்னைப் பார்த்தான்.

"ஒரு வாரம்தான சார். எனக்கும் ஒரு வாரம்தான் போட்டீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. சரோஜாவுக்கு வரவில்லை. இறங்கும்போது அவன் கையைப் பிடித்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்டா என்று சொல்ல வந்தேன். "பாத்துப் போடா" என்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். வெயில்.

எழுந்து பார்த்தால் இந்த நோட்டைக் காணவில்லை. சரோஜா சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மைக்ரோமீட்டர் பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. பெட்டியைத் தொட்டதற்காக நான் கத்தவில்லை, கத்த எனக்கு வாய் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் அணைத்தேன்.

கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தாள். கண் சிவந்திருந்தது.

"கருவாட்டு வாசனை எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

பிறகு, "செத்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் நெனைச்சீங்களா? அந்தப் புள்ளிய மட்டும் பாத்துக்குனு இருந்தீங்களே, நான் ஒருத்தி இருக்கேன்ல?" என்று கேட்டாள். அவளை விட்டுப் போய்விடுவேனோ என்ற பயத்தில்தான் எல்லாமே செய்தேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இங்கே எழுதிவிட்டேன். மறுபடி படிப்பாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முழுக்கப் படிச்சிட்டேன், என்னப் பத்தி நல்லதா ஒரு வரி கூட எழுதல" என்றாள்.

டி.வி. நோட்டைக் கிழித்துவிட்டாள். கவிதாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கவிதா கிளம்பி வந்துகொண்டிருக்கிறாள், எனக்கு இருக்கிறது. பேட்டரியைக் கொடு என்று சரோஜா கை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். ஒளித்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

கா. 164/100. அளந்தது அவள். எழுதியது நான்.

மா. புது மாத்திரை இரண்டாவது வேளை. நல்லதாக ஒரு வரி எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். அதற்குள் பட்டையைச் சுற்றி இறுக்கிவிட்டாள். பேசக் கூடாது, அசையக் கூடாது என்கிறாள். மிஷின் 157/97 காட்டியது. கைப் பழக்கத்தில் 156/96 என்று எழுதப் போனேன். கையைத் தட்டிவிட்டு, பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள்:

157/97. சரோஜா.